ரோலி கட்டித் தந்த கொட்டகை

ஆர்லிஸ் டோலஃப்ஸன் ஓட்டும் பள்ளிப் பேருந்து காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு முதல் பிள்ளையை ஏற்றும். இருபத்திரண்டு வருடமாக அதே நேரம். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் அந்தச் சாலைகளில் பனி கொட்டினாலும் சரி, மூடுபனி இறங்கினாலும் சரி, அவள் வண்டி வந்து நிற்கும்போது பிள்ளை வாசலில் தயாராக இருக்க வேண்டும். "ஒரு நிமிஷம் லேட்டானா ஹாரன் அடிப்பா, ரெண்டு நிமிஷம்னா போயிருவா" என்று சொல்லித்தான் தாய்மார் பிள்ளைகளைக் கிளப்புவார்கள். உண்மையில் அவள் ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போனதில்லை. ஆனால் அந்தப் பயத்தைக் கலைக்கவும் இல்லை.

வயது ஐம்பத்தெட்டு. பால்மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அவளுக்கு இருபது வயதாகும்போது அப்பா மாடுகளை ஒரே நாளில் விற்றுவிட்டார். அன்றைக்கே, இனி கால்நடை என்று ஒன்று வைத்தால் அது தன் பெயரில் இருக்கும் என்று மனதில் முடிவு கட்டியவள். கேலனைக் கல்யாணம் செய்துகொண்டபின் ஆறு செம்மறிகளோடு ஆரம்பித்தாள். கேலன் தானியக் கூட்டுறவில் இயந்திரங்கள் பழுதுபார்ப்பவன், அதிர்ந்து பேசாதவன். "ஆறு ஆட்டுக்கு இவ்ளோ வேலியா?" என்று மட்டும் கேட்டான். இப்போது நாற்பத்து மூன்று ஆடுகள். பேருந்து சம்பளத்துக்கு, ஆடுகள் தனக்கு. அப்படித்தான் அவள் கணக்கு.

மார்ச் மாதம் ஈரப்பனி இரண்டு நாள் விடாமல் விழுந்து, நூறு வருடப் பழைய கொட்டகையின் முதுகு ஒடிந்தது. ஆடுகள் அப்போது கிழக்குப் பக்கம் இருந்ததால் தப்பித்தன. புல்லுருளைகள் எல்லாம் கூரைக்கு அடியில் நசுங்கி நனைந்தன. அந்த வருடக் குட்டிகள் கார் நிறுத்தும் அறையில் வளர்ந்தன, கார் மழையில் நின்றது.

புதிதாக ஒரு தூண் கொட்டகை கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்தில் எல்லோரும் கட்டுவது அதுதான். அடித்தளம், சுவர் எதுவும் கிடையாது. கனமான மரத்தூண்களை நாலடி ஆழம் மண்ணில் இறக்கி, மேலே கூரைச் சட்டங்களை ஏற்றி, சுற்றிலும் தகரம் அடித்தால் முடிந்தது. நல்ல ஆட்கள் நாலு பேர் இருந்தால் மூன்று வார வேலை.

"ரோலியக் கூப்பிடலாம்" என்றான் கேலன்.

ரோலி வெட்ச் கேலனோடு பள்ளியில் படித்தவன். ஒரே கால்பந்து அணி. கேலனின் அப்பா வடக்கே காட்டுக்குள் கட்டிவைத்த மரவீட்டுக்கு முப்பத்தொரு வருடமாக மான்வேட்டைக்கு ஒன்றாகப் போகிறவர்கள். கொட்டகை கட்டுவதில் ரோலியின் கை சுத்தம் என்பதை ஆர்லிஸும் அறிவாள். அந்த வட்டாரத்தில் அவன் கட்டிய கொட்டகை ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. சொன்ன நாளில் வரமாட்டான் என்றும் அவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் தெரிந்தவர்களிடம் அப்படிச் செய்யமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் போல.

ஏப்ரலில் ரோலி வந்தான். பெரிய உடம்பு, சிவந்த முகம், வாய் நிறையச் சிரிப்பு. விழுந்து கிடந்த கொட்டகையைச் சுற்றி வந்தான், தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் துக்கம் விசாரித்தான், பிறகு ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்து ஆர்லிஸ் சுட்டிருந்த இனிப்பில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, காலித் தீவனப் பையின் முதுகில் படம் போட்டான். அறுபதடி நீளம், நாற்பதடி அகலம், இருபது தூண், மேற்கே பெரிய நகர்கதவு.

"ஜூன் பாதியில ஆரம்பிச்சேன்னா ஜூலை நாலாந்தேதி சுதந்திர தின வாணவேடிக்கைய நீ புது கொட்டகைக்குள்ள உக்காந்து பாக்கலாம் ஆர்லிஸ்."

"கொட்டகைக்குள்ள உக்காந்தா வானம் எப்படித் தெரியும்?"

"கதவத் தெறந்து வச்சுக்க!" என்று சொல்லி அவனே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

முன்பணம் வாங்கிக்கொண்டு போனான். மே கடைசியில் லாரி வந்து தூண்களையும் சட்டங்களையும் தகரங்களையும் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போனது. அதைப் பார்த்து ஆர்லிஸுக்கு நம்பிக்கை வந்தது. மரம் வந்துவிட்டால் மனிதன் வராமலா இருப்பான்?

ஜூன் பாதி வந்தது. மழை என்றான் ரோலி. மழை நின்றது. மண் காயவில்லை என்றான். மண் காய்ந்து வெடித்தது. முதுகு பிடித்துக்கொண்டது என்றான். ஜூலை நாலாந்தேதி ஊர்வலத்தில் அதே முதுகோடு அவன் தீயணைப்பு வண்டியின் பின்னால் நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் வீசிக்கொண்டு போனதை ஆர்லிஸ் தன் கண்ணால் பார்த்தாள். ஒரு மிட்டாய் அவள் மடியிலேயே வந்து விழுந்தது.

"என்னைப் பாத்துதான் வீசினான்" என்றாள் கேலனிடம்.

"கூட்டத்துல எங்க பாத்து வீசறது? சும்மா விழுந்திருக்கும்."

"நீ அவனுக்கு வக்கீலா?"

கேலன் அந்த மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். அவனிடம் சண்டை போடுவதும் கஷ்டம். எதிர்த்துப் பேசினால்தானே சண்டை வளரும்.

பள்ளி விடுமுறை என்பதால் அவள் கோடை முழுக்க வீட்டில் இருந்தாள். அதுதான் இன்னும் மோசம். சாலையில் எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் கை வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போவாள். பக்கத்துக் காட்டுக்காரனின் உரவண்டியாக இருக்கும். தூண்களைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. சட்டங்களின் இடுக்கில் ஒரு குருவி கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறந்தும் போனது. வீடு கட்டி முடித்தது அந்தக் குருவி ஒன்றுதான்.

ரோலிக்குப் போன் போட்டால் அவன் மனைவி ஜனெல் எடுப்பாள். இனிமையானவள். தேவாலயத்தில் ஆர்லிஸுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள்.

"அவர் இப்பதான் வெளிய போனார் ஆர்லிஸ். வந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

"நேத்தும் இதேதான் சொன்ன ஜனெல்."

"நேத்தும் வெளியதான் போயிருந்தார்" என்பாள் ஜனெல், பொய்யில்லாத குரலில்.

ஆகஸ்ட் முதல் வாரம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் ரோலி வந்தான். மண் அள்ளும் சின்ன லோடர் வண்டியின் மூக்கில் குழி தோண்டும் பெரிய திருகு ஒன்றை மாட்டிக் கொண்டுவந்தான். வண்டி உள்ளே வரவேண்டும் என்று மேற்கு வேலியில் ஒரு பக்கத்தைக் கழற்றினான். ஒரே நாளில் இருபது குழிகள். நூல் பிடித்தது போல இருந்தன. அதைப் பார்த்தபோது அத்தனை நாள் கோபமும் ஆர்லிஸுக்குக் கரைந்தே போயிற்று. மதியம் அவனுக்கு ஹாம் இறைச்சி வைத்த பன்னும் உருளைக்கிழங்கு சாலட்டும் கொடுத்தாள். வடமேற்கு மூலையில் இரண்டு குழிகள் மட்டும் இரண்டரை அடியிலேயே பாறையில் முட்டிக்கொண்டன. "அத நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வேலியை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு ரோலி போனான்.

நாளை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆர்லிஸ் ஒட்டுப்பலகைத் துண்டுகளைத் தேடி எடுத்து இருபது குழிகளையும் மூடி, மேலே கல் வைத்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு புயல்மழை. காற்று சில பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனது. வேலியைக் கட்டியிருந்த கயிறும் அறுந்தது. காலையில் அவள் வெளியே வந்தபோது ஆடுகள் எல்லாம் கட்டடம் எழவேண்டிய இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தன. ஒரு குழியில், பின்னுடம்பு உள்ளே இறங்கி, முன்னங்கால்கள் இரண்டையும் விளிம்பில் ஊன்றியபடி ஒரு பெட்டை ஆடு மாட்டிக்கொண்டிருந்தது. குழி நிறையத் தண்ணீர். நனைந்த கம்பளியின் கனம் அதை மேலும் கீழே இழுத்தது. ஆடு கத்தவில்லை. கத்தும் தெம்பு போய்விட்டிருந்தது.

"கேலன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கேலன் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தான். ஆர்லிஸ் சேற்றில் குப்புறப் படுத்து, குழிக்குள் தோள்வரை கையை விட்டு, ஆட்டின் வயிற்றைச் சுற்றி இழுவைப்பட்டையைக் கொடுத்தாள். கேலன் டிராக்டரின் முன்வாளியில் பட்டையை மாட்டி அங்குலம் அங்குலமாகத் தூக்கினான். ஆடு மேலே வந்து விழுந்து, மூச்சு வாங்கி, கால் மணி நேரம் கழித்து எழுந்தது. ஒரு கால் நொண்டியது.

ஆர்லிஸ் சேறு வழியும் கையோடு அடுப்படிக்குள் வந்து ரோலியின் எண்ணை அழுத்தினாள். அவள் சொல்லப்போவதற்கு வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன. குரல் செய்திகளுக்கான இடம் நிரம்பிவிட்டது, பிறகு முயலவும் என்றது ஒரு பெண்குரல். அவள் போனை மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டு, அப்படியே நின்று அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை. திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்காத அழுகை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. பேருந்தில் உயரமான இருக்கை. எல்லோர் வீட்டு முற்றமும் தெரியும். அவள் வழித்தடத்தில் எங்கே எந்த வண்டி நிற்கிறது என்பது தினமும் அவள் கண்ணில் படும். ரோலியின் வெள்ளை லாரி இரண்டாவது வாரத்தில் கண்ணில் பட்டது. மினியாபோலிஸ் நகரத்துக்காரர்கள் கோடைக்கு மட்டும் வந்துபோகும் ஏரிக்கரை வீடு ஒன்றில், படகு நிறுத்த ஒரு புதுக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. திங்கள் பார்த்தாள், சுவர் எழும்பியிருந்தது. புதன் பார்த்தாள், கூரை ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, ரோலி அந்த வீட்டு வண்டிப்பாதையில் லாரியைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

அதை யோசித்துச் செய்ததாக அவள் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை. கை தானாகச் செய்தது. பேருந்தை அந்த வண்டிப்பாதையின் வாய்க்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்ன, 'நில்' என்று எழுதிய பலகை பக்கவாட்டில் நீண்டது.

ரோலி ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி வந்தான்.

"ஆர்லிஸ்? வண்டிக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

அவள் கதவைத் திறந்தாள். இருக்கையை விட்டு எழவில்லை.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல. செவப்பு வெளக்கு எரியுது. இத தாண்டுனா சட்டப்படி குத்தம். அதனால நின்னு பதில் சொல்லு."

"ஏய், என்ன இது, நான் ஆணி வாங்கப் போகணும்..."

"என் ஆடு குழியில விழுந்துச்சு ரோலி. நீ தோண்டிட்டு விட்டுட்டுப்போன குழியில. உனக்குப் போன் போட்டா பொட்டி ரொம்பிருச்சுங்குது. எத்தன பேர் உன்னத் திட்டியிருந்தா அது ரொம்பும்?"

ரோலியின் சிரிப்பு வழக்கமான இடத்துக்கு வர முயன்று பாதியில் நின்றது. சாலையில் ஒரு பால் டாங்கர் வந்து நின்றது. அதன் பின்னால் தபால்காரியின் கார். எதிர்ப்பக்கம் ஒரு டிராக்டர். சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு எல்லோரும் ஒழுங்காக நின்றார்கள்.

"எல்லாரும் பாக்கறாங்க ஆர்லிஸ்."

"பாக்கட்டும்."

அவன் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டினான்.

"எங்கிட்ட ஆளே இல்ல" என்றான் மெதுவாக. "எங்கிட்ட வேல பாத்த ரெண்டு பசங்களும் ஏப்ரல் கடைசியிலேயே ரோடு வேலைக்குப் போய்ட்டாங்க. நான் ஒத்த ஆளு. இந்தப் படகுக் கொட்டகை சின்னது, தனியா முடிச்சிடலாம். உன்னோடது முடியாது. அந்தச் சட்டத்த ஒருத்தனா தூக்கவே முடியாது."

"ஏப்ரல்லயே தெரியும்ல? அன்னைக்கே ஆளில்லன்னு சொல்லியிருந்தா நான் வேற ஆளப் பாத்திருப்பேனே."

"அதனாலதான் சொல்லல" என்றான் ரோலி.

அந்தப் பதிலின் நேர்மை அவளைத் திகைக்க வைத்தது. அவனை அடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பால் டாங்கர்காரன் கையை விரித்து என்ன விஷயம் என்று கேட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆள நான் கொண்டு வர்றேன். கேலன் இருக்கான், நான் இருக்கேன், மத்தவங்களையும் பாக்கறேன். நீ வந்து நின்னு எப்படிச் செய்யணும்னு காட்டு. திங்கக்கெழம."

"செவ்வா."

"திங்கள்."

"சரி, திங்கள். இப்ப வெளக்க அணை, உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவன் புதன்கிழமை வந்தான். ஆனால் வந்தான்.

அதற்கு முன், திங்கள் மதியமே, பேருந்துப் பொறுப்பாளர் கர்ட் ஹேகன் அவளைத் தன் அறைக்கு அழைத்திருந்தான். முப்பது வயது. சின்னப் பையனாக அவள் பேருந்திலேயே ஆறு வருடம் வந்தவன். நின்ற வண்டிகளில் யாரோ புகார் சொல்லிவிட்டார்கள்.

"பிள்ளைங்க யாருமில்லாம, ஏத்தாம எறக்காம, பலகைய நீட்டியிருக்கீங்க" என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டே. "வேற யாராச்சும் செஞ்சிருந்தா நான் நம்பியிருப்பேன். நீங்களா?"

"நான்தான்."

"எழுத்துல ஒரு எச்சரிக்கை குடுத்தே ஆகணும். எனக்கு வேற வழி இல்ல."

"குடு. எங்க கையெழுத்துப் போடணும்?"

காரில் வந்து உட்கார்ந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் பெயருக்கு எதிராக ஒரு வரி எழுதப்பட்டதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்யாதவன் ரோலி. எச்சரிக்கைக் காகிதம் அவளுக்கு. அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை மூன்று தடவை சொன்னாள். கேலன் மூன்று தடவையும் தலையாட்டினான். நாலாவது தடவை அவள் சொல்லும் முன், "அவன் செஞ்சது தப்புதான்" என்றான். முப்பத்தேழு வருட மணவாழ்க்கையில் ரோலியைப் பற்றி அவன் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை.

தூண்களை நடுவதற்கு முந்தின மாலை, ஆர்லிஸ் மரக்கடைச் சிவப்புச் சாக்கட்டியால் ஒவ்வொரு தூணிலும் அடியிலிருந்து சரியாக நாலடி அளந்து ஒரு கோடு போட்டாள். அந்த ஊர்க் குளிரில் நிலம் ஆழமாக உறையும். உறையும் மண் மேலே உந்தும். தூணின் அடி நாலடிக்குக் கீழே இல்லாவிட்டால், இரண்டு குளிர்காலத்தில் கொட்டகை கோணிவிடும். இது அவளுக்கு மட்டுமா தெரியும், ரோலிக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

மறுநாள் பிற்பகல் அவள் பேருந்தை நிறுத்திவிட்டு வந்தபோது இருபது தூண்களும் நின்றன. கேலன் கூட்டுறவிலிருந்து அழைத்துவந்த இரண்டு பேரும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வடமேற்கு மூலைக்கு வந்ததும் நின்றாள்.

"ரோலி, இங்க வா."

வந்தான்.

"பதினெட்டு தூண்ல கோடு மண்ணோட மண்ணா இருக்கு. இந்த ரெண்டுல மட்டும் எப்படி என் முட்டி ஒசரத்துல நிக்குது?"

"அடியில பாறை ஆர்லிஸ். சுத்தி ரெண்டு மூட்ட காங்கிரீட்டு அதிகமாப் போட்டிருக்கேன். அசையாது. அந்தப் பாறைய கடவுளே வச்சிருக்காரு, நான் என்ன பண்றது?"

"கடவுள்ட்ட நான் பேசிக்கறேன். நீ தூண எடு."

"காங்கிரீட்டு எறுகிட்டிருக்கு!"

"அப்ப சீக்கிரம் எடு."

அவன் கேலனைப் பார்த்தான், ஏதாவது சொல்லுவான் என்று. கேலன் டிராக்டரைக் கிளப்பப் போய்விட்டான். தூண்களைப் பிடுங்கினார்கள். ரோலி கோபித்துக்கொண்டு நான்கு நாள் வரவில்லை. பாறையுடைக்கும் சுத்தியல் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, சனியும் ஞாயிறும் கேலனும் ஆர்லிஸும் மாறி மாறி அதை அழுத்தினார்கள். திங்களன்று ஸ்டியரிங்கைப் பிடித்த கை அவளுக்கு இன்னும் நடுங்கியது. பின்வரிசைப் பையன் ஒருவன், "உங்களுக்குக் குளிருதா?" என்று கேட்டான்.

அக்டோபர் முழுக்க வேலை இரண்டு நாள் நடந்து மூன்று நாள் நின்றது. ஆனாலும் சட்டங்கள் ஏறின, பக்கத் தகரங்கள் அடிக்கப்பட்டன. வேலை நடந்த நாட்களில் ஆர்லிஸால் ரோலியை வெறுக்க முடியவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அத்தனை பெரிய உடம்போடு அவன் சட்டத்தின் மேல் ஏறி நடப்பான், கண்ணை இடுக்கி ஒரு பார்வை பார்த்து, "கால் அங்குலம் கெழக்க" என்பான். மட்டம் வைத்துப் பார்த்தால் கால் அங்குலமேதான் இருக்கும். இத்தனை தெரிந்தவனுக்கு நாள்காட்டி மட்டும் ஏன் தெரியவில்லை?

நவம்பர் மூன்றாவது வாரம், கூரையில் பாதித் தகரம் அடித்திருந்தது. மறுபாதி வானம். வானொலியில் பனிப்பொழிவு எச்சரிக்கை சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மாலை ரோலி கருவிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் அடுக்கத் தொடங்கினான்.

"என்ன பண்ற?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"சனிக்கெழம மான் சீசன் ஆரம்பம்ல. நாளைக்கே கெளம்பணும், மரவீட்டத் தொறந்து சூடு பண்ணணும். ஒம்போது நாள்தான். வந்ததும் மொத வேல இதுதான்."

"பனி வருது. கீழ புல்லு அடுக்கியிருக்கு."

"தார்ப்பாய் போட்டு வை."

ஆர்லிஸ் தார்ப்பாயை எடுக்கத் திரும்பினாள். பேச்செல்லாம் எட்டு மாதமாகப் பேசிப் பேசித் தீர்ந்துபோயிருந்தது.

அப்போது ஏணியிலிருந்து கேலன் இறங்கினான். இறங்கி, கையுறையைக் கழற்றி, சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, தினமும் பேசும் அதே மெல்லிய குரலில் சொன்னான்: "மரவீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு."

"தெரியும்டா. நாளைக்குப் போகும்போது வந்து வாங்கிக்கறேன்."

"கூர மூடுனப்பறம் தர்றேன்."

ரோலி சிரித்தான். கேலன் சிரிக்கவில்லை.

"டேய், வெளையாடாத. வேட்டைக்கு மத்த நாலு பேரும் வர்றாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"இதையே சொல்லு."

"முப்பத்தொரு வருஷம்டா கேலன்!"

"ஆமா. எங்கப்பா வீடு. மூடிட்டு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு கேலன் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான். ஆர்லிஸ் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதன் இவ்வளவு நாள் எங்கே இருந்தான்?

வியாழன் காலை அவள் பேருந்து ஓட்டிவிட்டுத் திரும்பியபோது முற்றத்தில் நாலு லாரிகள் நின்றன. வேட்டைக்குக் கிளம்பிய கோலத்திலேயே, ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட நாலு பேர் கூரைமேல் உட்கார்ந்து தகரம் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ரோலியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு இரண்டு வருடமாக ஒரு கோழிக்கூட்டுக் கூரை பாக்கியாம். ஆர்லிஸ் பானை நிறைய மாட்டிறைச்சிக் குழம்பு வைத்தாள், வாளி வாளியாகக் காபி போட்டாள். வெள்ளி மாலை நாலரைக்கு, வெளிச்சம் மங்கும் நேரத்தில், கூரை முகட்டின் கடைசித் தகடு முடுக்கப்பட்டது. கேலன் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை எடுத்து நீட்டினான். ஆறு பேரும் வண்டிகளில் ஏறிப் போனார்கள், கேலனும் கூடவே. ராத்திரி பனி விழுந்தது. ஆர்லிஸ் காலையில் போய்ப் பார்த்தபோது உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மேற்கு நகர்கதவு மட்டும் மாட்டாமல் கிடந்தது. வேட்டை முடிந்து வந்ததும் என்றான் ரோலி. கிறிஸ்துமஸ் முடிந்ததும் என்றான். ஜனவரியில், மூச்சு புருவத்தில் உறையும் குளிரில், ஆர்லிஸும் கேலனும் டிராக்டர் வாளியில் கதவைத் தூக்கித் தாங்களே மாட்டினார்கள். மாட்டிய கதவு ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றுவிடும். அதற்குமேல் நகராது. தினமும் காலையிலும் மாலையிலும் இடது காலால் ஓர் உதை விட்டால்தான் மூடும். பிப்ரவரியில் குட்டிகள் பிறந்தன, அறுபத்தெட்டு. காற்றுப்படாமல், நனையாமல் வளர்ந்தன. அவற்றைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு நிம்மதி வந்து போகும். அடுத்த நிமிடம் கதவை உதைக்க வேண்டியிருக்கும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ரோலி ஓர் இளம் தம்பதியோடு வந்து இறங்கினான். புதிதாக நிலம் வாங்கியவர்கள், குதிரைகளுக்குக் கொட்டகை வேண்டுமாம். தான் கட்டியதைக் காட்ட அழைத்துவந்திருந்தான். தூணைத் தட்டிக் காட்டினான், கூரைமுகட்டைக் காட்டினான், எல்லாம் தன் வீட்டைக் காட்டுவது போல.

அந்தப் பெண் ஆர்லிஸிடம் தனியாக ஒதுங்கி வந்தாள். "உண்மையச் சொல்லுங்க, இவரு எப்படி?"

"கொட்டகை நல்ல கொட்டகை" என்றாள் ஆர்லிஸ். "பத்து பேர் கட்டுனாலும் இவ்ளோ நேரா வராது. ஆனா அவன் சொல்ற எந்த தேதியையும் நம்பாதீங்க. மாசத்த நம்பாதீங்க. முடிஞ்சா வருஷத்தையும்."

அந்தப் பெண் சிரித்தாள். ஆர்லிஸ் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "கொட்டகை கட்டுற மத்த எல்லாரும் ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. இவரு ஜூன்லயே ஆரம்பிக்கறேன்னு சொல்லிட்டாரு."

ஆர்லிஸ் மேற்குக் கதவின் பக்கம் பார்த்தாள்.

அந்தக் கணவன் இதற்குள் மேற்குக் கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒரு சாணில் நின்றது. "இது ஏன் மூடல?" என்று கேட்டான்.

ரோலியின் முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. லாரிக்குப் போனான், ஒரு திருகுச்சாவியோடு வந்தான், ஏணி வைத்து ஏறினான். மேலே தண்டவாளத்தில் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினான், எதையோ தட்டினான், மறுபடி முடுக்கினான். இறங்கி, ஒரே விரலால் கதவைத் தள்ளினான். அது சத்தமே இல்லாமல் ஓடி, போய்ப் பொருந்தி நின்றது.

ஆர்லிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் ரோலி."

"ஆமா, சின்ன வேலதான்" என்றான் ரோலி சந்தோஷமாக. "கூப்பிட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே."

இனி வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. ஒரு காலி வாளியை எடுத்துக்கொண்டு ஆடுகளின் பக்கம் நடந்தாள். வாளி எதற்கு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தம்பதி ரோலியோடு லாரியில் ஏறுவதும், ஏதோ சொல்லி மூவரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது.